எல்லாம் கிடைக்கும் ஓட்டலில் என்ன கிடைக்கும்?



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு ஓட்டல் வியாபாரத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். மலர்க்குழுவில் கட்டுரை கொடுக்கப் போனபோது ஒரு நண்பன் கேட்டேவிட்டான், "ஏன்டா, லேத்தைப் பத்தி எழுதாம தோசைக்கல்லைப் பத்தி எழுதுற?" என்று. என் அப்பா 22 வருடமாகத் தோசை மாஸ்டர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அந்தக் கல்லின் சூட்டில்தான் என் படிப்பு நடக்கிறது. இந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

ஒரு ஓட்டல் பல கிளைகளாக வளரும்போது, போட்டியைச் சமாளிக்க எந்த வழியைப் பிடிக்க வேண்டும்? இதுதான் கேள்வி. எந்த வழியாக இருந்தாலும் ஒரே வழியாக இருக்க வேண்டும், அந்த வழி தொழிலாளியின் கூலியில் கை வைப்பதாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

மூன்று கிளை ஒரு கிளையான கதை

அப்பா வேலை பார்த்த ஓட்டலின் பெயர் வேண்டாம். ஆரம்பத்தில் ஒரே கடை. இட்லி, தோசை, பொங்கல், வடை, மதியம் சாப்பாடு, அவ்வளவுதான். காலை ஏழு மணிக்கே இடம் பிடிக்க ஆள் நிற்கும். முதலாளி நல்ல மனிதர். கூட்டத்தைப் பார்த்து இரண்டாவது கிளை, மூன்றாவது கிளை என்று திறந்தார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

எதிர்வரிசையில் விலை குறைவாக ஒரு கடை வந்தது. முதலாளி பயந்துபோய்த் தோசை விலையைக் குறைத்தார். கொஞ்ச நாளில் கட்டுப்படியாகவில்லை. எண்ணெய் மாறியது, சாம்பாரில் பருப்பு குறைந்தது. பழைய வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். உடனே "பெரிய இடத்து ஆளுங்க வரணும்" என்று சொல்லி மாடியில் ஏ.சி. ஹால் போட்டார். ஏ.சி. ஹாலுக்கு இட்லி மட்டும் போதுமா? ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ், நான், பனீர் எல்லாம் வந்தன. வாசலில் பெரிய பலகை: "எல்லாம் கிடைக்கும்".

அப்பா வீட்டுக்கு வந்து சொல்வார், "இருக்கறது ரெண்டு கல்லு. அதுல தோசை ஊத்தவா, நூடுல்ஸைப் பொரட்டவா? ஒண்ணை எடுக்கறதுக்குள்ள ஒண்ணு கருகிப் போகுது."

விலை மலிவு என்று வந்தவன் ஏ.சி. ஹாலைப் பார்த்துத் தயங்கினான். ஏ.சி. ஹாலுக்கு வந்தவன் சாம்பாரைப் பார்த்துத் திரும்பவில்லை. கடைசியில் சம்பளத்தைக் குறைத்தார்கள். நல்ல ஆட்கள் வேறு இடம் போனார்கள். இரண்டு கிளைகள் மூடப்பட்டன. அப்பாவுக்கு நான்கு மாதம் வேலை இல்லை. அந்த நான்கு மாதத்தில்தான் எனக்கு மூன்றாவது செமஸ்டர் கட்டணம் வந்தது. அம்மாவின் தோடு எங்கே போனது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

முதலாளி சோம்பேறி இல்லை. சூதாடி இல்லை. மூன்று வருடம் ராப்பகலாக உழைத்தார். பிறகு ஏன் தோற்றார்? இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

மூன்று வழிகள்

மேலாண்மைப் பாடம் நடத்திய எங்கள் சார்தான் ஒரு நாள் மைக்கேல் போர்ட்டர் என்பவரைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேராசிரியர். 1980-ல் 'காம்பெட்டிட்டிவ் ஸ்ட்ராட்டஜி' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் சொல்வது சுருக்கமாக இதுதான். போட்டியில் நிற்க அடிப்படையாக மூன்று வழிகள் உண்டு. ஒன்று, எல்லோரையும் விடக் குறைந்த செலவில் செய்வது. இரண்டு, மற்றவரிடம் இல்லாத தனித்தன்மையைக் கொடுத்து அதற்குரிய விலையை வாங்குவது. மூன்று, ஊருக்கெல்லாம் கடை விரிக்காமல் ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்கு மட்டும் மிக நன்றாகச் செய்வது. எதையும் உறுதியாகப் பிடிக்காதவர் நடுவில் மாட்டிக்கொள்வார் என்றும் எச்சரிக்கிறார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நம்ம பாட்டி சொன்னதைத்தான் அவர் புத்தகமாகப் போட்டிருக்கிறார்! அப்பாவின் முதலாளி மாட்டிக்கொண்டது அந்த நடுவில்தான்.

இந்த மூன்று வழிகளிலும் நடந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

முதல் வழி: குறைந்த செலவு

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியிருக்கிறது. நம்ம பாடத்தில் வரும் வேலை ஆய்வும் பிளான்ட் லே-அவுட்டும் அடுப்படிக்குள் போன கதை அங்கேதான் தெளிவாகக் கிடைக்கிறது.

கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ என்ற ஊரில் மெக்டொனால்டு சகோதரர்கள் இருவர் ஒரு உணவகம் நடத்தினார்கள். நல்ல வியாபாரம். இருந்தும் 1948-ல் அதைச் சில மாதங்கள் மூடினார்கள். 25 பண்டங்கள் இருந்த பட்டியலை 9 ஆகக் குறைத்தார்கள். பீங்கான் தட்டை எடுத்துவிட்டுக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். வீட்டு டென்னிஸ் மைதானத்தில் அடுப்படியை முழு அளவில் சாக்பீசால் வரைந்து, அதில் ஆட்களை நடக்கவிட்டு, யார் யாரோடு முட்டுகிறார்கள், எங்கே ஒரு அடி வீணாகிறது என்று பார்த்துப் பார்த்து அழித்து வரைந்தார்கள். பிறகு திறந்து ஹாம்பர்கரை 15 சென்ட்டுக்கு விற்றார்கள். மற்ற கடைகளில் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை. 1954-ல் மில்க் ஷேக் இயந்திரம் விற்கும் ரே கிராக் என்பவர் இந்த அடுப்படியைப் பார்த்து அசந்துபோனார். 1955-ல் இலினாய் மாநிலத்தில் தன் முதல் கிளையைத் திறந்தார். 1961-ல் சகோதரர்களிடமிருந்து 27 லட்சம் டாலருக்கு வியாபார உரிமையை வாங்கிக்கொண்டார். எல்லாக் கிளையிலும் ஒரே மாதிரி செய்யப் பயிற்சி கொடுக்க அதே 1961-ல் ஒரு பள்ளியே ஆரம்பித்தார்கள். அதன் பெயர் ஹாம்பர்கர் பல்கலைக்கழகம்!

நமக்குப் பக்கத்திலும் இதுபோல உண்டு. 1980-களில் பெங்களூரில் பரவிய தர்ஷினிக் கடைகளைப் பாருங்கள். நாற்காலி இல்லை, சப்ளையர் இல்லை. டோக்கன் வாங்கி, நின்றபடி சாப்பிட்டுப் போக வேண்டியதுதான். வாடகை கொடுக்கிற ஒவ்வொரு சதுர அடியிலும் அதிகம் பேர் சாப்பிடுகிறார்கள். விலை குறைகிறது, இட்லி சூடாகவே இருக்கிறது. மலிவு என்பது மட்டச் சரக்கு அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரண்டாம் வழி: தனித்தன்மை

பெங்களூரில் 1924-ல் தொடங்கியது எம்.டி.ஆர். எனப்படும் மாவள்ளி டிபன் ரூம்ஸ். சுத்தத்துக்கும் தரத்துக்கும் பெயர் பெற்ற இடம். 1975-ல் நெருக்கடி நிலை வந்தபோது ஓட்டல் பண்டங்களை மிகக் குறைந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. அந்த விலைக்கு அந்தத் தரத்தைக் கொடுக்க முடியாது. அவர்கள் நெய்யைக் குறைக்கவில்லை, ஓட்டலையே மூடினார்கள். ஆட்களுக்கு வேலை கொடுக்க ரவா இட்லி மாவு போன்ற பொட்டலச் சரக்குகளைத் தயாரித்து விற்றார்கள். அந்தப் பொட்டல வியாபாரம் பெரிதாக வளர்ந்து, 2007-ல் நார்வே நாட்டு நிறுவனமான ஓர்க்லா அதை வாங்கியது. ஓட்டல் குடும்பத்தாரிடமே இருக்கிறது. பிடித்த வழியை விடாததால் ஒரு தொழில் இரண்டு தொழிலானது.

நம்ம சென்னையில் சரவண பவன். 1981-ல் கே.கே.நகரில் ஆரம்பித்த பி.ராஜகோபாலிடம், மட்டமான சரக்கைப் போடுங்கள், கூலியைக் குறையுங்கள் என்று யோசனை சொன்னவர் உண்டாம். அவரை அனுப்பிவிட்டு, நல்ல எண்ணெயும் நல்ல காய்கறியும் வாங்கி, நஷ்டத்தைத் தாங்கி நின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த ருசி கிளை கிளையாகக் கடல் கடந்தது. பிற்காலத்தில் ஒரு கொலை வழக்கில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டில் இறந்தார். அந்தக் குற்றத்தை எந்த வியாபார வெற்றியும் கழுவாது. ஆகவே அவரை முன்மாதிரி என்று நான் சொல்லவில்லை. அந்த ஓட்டல் ஆரம்பத்தில் எடுத்த முடிவை மட்டும் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

மூன்றாம் வழி: ஒன்றை மட்டும் நன்றாக

1957-ல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு ஒரு பிரியாணிக் கடை ஆரம்பித்தார். கடையின் பெயர் ஆனந்த விலாஸ். அவர் எப்போதும் தலைப்பாகை கட்டியிருப்பார் என்பதால் ஜனங்கள் வைத்த பெயர்தான் தலப்பாக்கட்டி. பாஸ்மதி அரிசியைத் தேடிப் போகாமல் நம்ம சீரகச் சம்பாவில் செய்த பிரியாணி. ஒரு அரிசி, ஒரு ருசி. இன்று வெளிநாடு வரை கிளை இருக்கிறது என்றால், 'திண்டுக்கல் பிரியாணி' என்றதும் நாக்குக்கு ஒரே ஒரு ருசி ஞாபகம் வருவதால்தான்.

ஒரு சின்னக் கணக்கு

சரி, அப்பாவின் முதலாளி எங்கே சறுக்கினார்? பிரேக்-ஈவன் புள்ளி என்று படித்திருக்கிறோமே, அதைப் போட்டுப் பார்த்தேன். இது நானே வைத்துக்கொண்ட எண்கள், எந்தக் கடையின் கணக்கும் அல்ல.

ஒரு கிளைக்கு மாதம் வாடகை, கூலி, மின்சாரம், கேஸ் எல்லாம் சேர்த்து 3,00,000 ரூபாய். அதில் கூலி மட்டும் 1,50,000. ஒருவர் சராசரியாக 60 ரூபாய்க்குச் சாப்பிடுகிறார். அதற்கான சரக்குச் செலவு 30 ரூபாய். மீதி 30. அப்படியென்றால் நஷ்டம் இல்லாமல் இருக்க மாதம் 10,000 பேர், நாளைக்கு ஏறக்குறைய 334 பேர் வர வேண்டும்.

போட்டிக்குப் பயந்து 60 ரூபாயை 50 ஆக்குகிறோம். குறைத்தது ஆறில் ஒரு பங்குதான். மீதி 20 ரூபாய். இப்போது மாதம் 15,000 பேர், நாளைக்கு 500 பேர் வேண்டும். ஒன்றரை மடங்குக் கூட்டம்! 40 நாற்காலி உள்ள கடையில் ஒரு நாற்காலியில் நாளைக்கு 8 பேர் உட்கார்ந்தது போய் 12, 13 பேர் உட்கார வேண்டும். வாசலில் ஆள் நின்றாலும் உள்ளே இடம் இருக்காது. மேசையை வேகமாகத் துடைக்கவும், தோசையை வேகமாகக் கொடுக்கவும் அடுப்படியையே மாற்றி அமைக்காமல், கரும்பலகையில் விலையை மட்டும் அழித்து எழுதினால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது.

அடுத்ததாக முதலாளிகள் எல்லோரும் செய்வது, கூலியைக் குறைப்பது. பத்து சதவீதம் குறைக்கலாம். 15,000 ரூபாய் மிச்சம். அப்போதும் நாளைக்கு 475 பேர் வேண்டும். எல்லோர் வயிற்றிலும் அடித்து மிச்சமானது 25 பேர். அந்த 25 பேரும், நல்ல மாஸ்டர் போனதும் சட்னி கெட்டுப்போய், தானாகவே வராமல் போவார்கள்.

இன்னொரு வழியைப் பாருங்கள். பலகையில் இருக்கும் நூறு பண்டத்தை இருபதாகக் குறைக்கிறோம். யாரும் கேட்காத பண்டத்துக்காக வெட்டி வைத்த காய்கறி, ராத்திரி கொட்டிய குருமா எல்லாம் மிச்சம். ஆளுக்கு 3 ரூபாய் வீணாவது நின்றால் போதும், நாளைக்கு 435 பேர் வந்தாலே கட்டுப்படி ஆகிவிடும். கூலிக் குறைப்பில் 25 என்றால் இதில் 65. ஒருவன் சம்பளத்திலும் கை வைக்கவில்லை.

இந்தக் கணக்கை அப்பாவிடம் காட்டினேன். அப்பாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரியும், கணக்கு நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதை அப்பவே யாராவது முதலாளிகிட்ட சொல்லியிருந்தா..." என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

தொழிலாளியை என்ன செய்வது?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். மெக்டொனால்டு சகோதரர்கள் அடுப்படியைச் சீர்படுத்தியபோது, கார் வரைக்கும் தட்டு ஏந்திப்போய்க் கொடுத்த பெண்களின் வேலை போனதே? தர்ஷினியில் சப்ளையருக்கே இடமில்லையே? உண்மைதான். இதை மறைத்துவிட்டு நான் எழுதினால் ஒரு மாஸ்டரின் மகன் எழுதியதாக இருக்காது. குறைந்த செலவு என்ற வழியில் ஆள் குறைப்பு ஒரு பள்ளமாக எப்போதும் இருக்கிறது. ஆனால் வழியைத் தேர்ந்தெடுக்காமல் தடுமாறிய ஓட்டலில் ஒருவருக்கும் வேலை மிஞ்சவில்லையே! இருபது பண்டத்துக்கு ஏற்ற ஆளை ஆரம்பத்திலேயே கணக்குப் போட்டு எடுத்து, அவர்களுக்கு நல்ல சம்பளம் கொடுத்து, புதுக் கிளை திறக்கும்போது அவர்களையே அங்கே மாஸ்டராக்குவதுதான் முறை.

தொழிலாளியே முதலாளியான சரித்திரமும் நம் நாட்டில் உண்டு. காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூட முடிவு செய்தபோது, ஏ.கே.கோபாலன் ஊக்கம் கொடுக்க, வேலையிழந்த தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து 1957 முதல் தாங்களே இந்தியன் காபி ஹவுஸை நடத்தத் தொடங்கினார்கள். சாதாரண விலை, ஆடம்பரம் இல்லை. சிவில் நண்பர்கள் திருவனந்தபுரம் போனால் பேருந்து நிலையம் அருகே உள்ள காபி ஹவுஸைப் பாருங்கள். லாரி பேக்கர் வடிவமைத்தது. சுருள் போலச் சரிவாக மேலே ஏறும் கட்டடம். சுவரோடு சேர்த்துக் கட்டிய மேசைகள். குறைந்த செலவிலும் அழகு இருக்கும் என்று அந்தக் கட்டடமே சொல்லும்.

இப்போதைய போட்டி

2014-ல் பெங்களூரில் தொடங்கிய ஸ்விக்கி போன்ற செயலிகள் வந்த பிறகு எதிர்வரிசைக் கடை மட்டும் போட்டி இல்லை. செல்போன் திரையில் இருநூறு கடை வரிசையாக நிற்கிறது. மேலே போட்ட கணக்கில் 60 ரூபாய்ப் பண்டத்துக்குச் செயலிக்கு 12 ரூபாய் போகிறது என்று வைத்துக்கொண்டால், கையில் நிற்பது 30 அல்ல, 18. 'இந்தக் கடையில் இது' என்று ஜனங்கள் மனதில் ஒரு பண்டமாவது பதியாத ஓட்டல், தள்ளுபடி கொடுத்துக் கொடுத்தே தேய்ந்துபோகும். ஆகவே ஒரே வழியைப் பிடிக்க வேண்டிய அவசியம் முன்பைவிட இப்போதுதான் அதிகம்.

முடிவாக

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அரசனுக்குச் சொன்னது ஓட்டல்காரருக்கும் பொருந்தும். நம்மிடம் என்ன பலம் இருக்கிறது, எப்போது கிளை திறப்பது, எந்தத் தெருவில் திறப்பது என்று மூன்றையும் பார்த்துவிட்டு ஒரு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு வாசலில் கடை போடுபவருக்குக் குறைந்த செலவு வழி. கைப்பக்குவம் உள்ளவருக்கு ஒற்றைப் பண்ட வழி. முதலும் பொறுமையும் உள்ளவருக்குத் தனித்தன்மை வழி. தேர்ந்தெடுத்த பிறகு மற்ற இரண்டையும் "வேண்டாம்" என்று சொல்லத் தெரிய வேண்டும். கஷ்டமான வேலை அதுதான். வாடிக்கைக்காரர் ஒருவர் "நூடுல்ஸ் இல்லையா?" என்று கேட்கும்போது "இல்லைங்க, தோசை இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்ல தைரியம் வேண்டும்.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் பாதிப் பேர் வேலைக்குப் போவோம், கொஞ்சம் பேராவது சொந்தமாகத் தொழில் தொடங்குவோம். லே-அவுட், வேலை ஆய்வு, பிரேக்-ஈவன் எல்லாம் தேர்வுக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் செய்து மறுநாள் மறக்கிற சமாசாரம் இல்லை. அவை தெரியாததால் ஒரு நல்ல முதலாளி கடையை மூடினார், பல குடும்பம் தெருவுக்கு வந்தது. அதை நான் கூட இருந்து பார்த்தவன்.

அப்பா இப்போது வேறு ஓட்டலில் இருக்கிறார். நான் படித்து முடித்ததும் சின்னதாக ஒரு கடை போடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அம்மா பொங்கலும் போடலாம் என்கிறார். அப்பா இட்லியும் தோசையும் போதும் என்கிறார். நான் அப்பா பக்கம். கடை நடந்தால், இரண்டாவது கிளைக்கு நீங்கள் எல்லோரும் வர வேண்டும். அங்கேயும் இட்லியும் தோசையும்தான் இருக்கும்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை